ஸ்பானிஷ் தெரியாத நான், மகளின் ஸ்பானிஷை எப்படி அளப்பது?

ஆஸ்டின் அம்மா:

எல்லோருக்கும் வணக்கம். மகளுக்கு ஏழு வயது, இரண்டாம் வகுப்பு. டெக்ஸாஸில், ஆஸ்டினுக்கு வடக்கே இருக்கிறோம். கிண்டர்கார்டனிலிருந்தே டூயல் லாங்குவேஜ் வகுப்பில்தான் படிக்கிறாள். வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் ஸ்பானிஷ் பேசும் பிள்ளைகள், மீதிப் பேர் எங்களைப் போன்றவர்கள். கணக்கு ஆங்கிலத்தில், அறிவியலும் சமூகவியலும் ஸ்பானிஷில். வீட்டில் தமிழ் மட்டும். எனக்கும் கணவருக்கும் தெரிந்த ஸ்பானிஷ் 'கிராசியாஸ்' (நன்றி) அளவில்தான்.

இவள் உண்மையிலேயே கற்கிறாளா என்று கண்டுபிடிக்க எங்களுக்கு வழியே இல்லை. ரிப்போர்ட் கார்டில் ஒவ்வொரு முறையும் 'முன்னேறி வருகிறாள்' என்ற அதே வரி. எங்கிருந்து எங்கே முன்னேறுகிறாள் என்று யாரும் சொல்வதில்லை. டாக்கோ கடையில் 'நீயே கேட்டு வாங்கு' என்றால் என் முதுகுக்குப் பின்னால் ஒளிகிறாள். வீடியோ காலில் மாமியார், 'ஸ்பானிஷ்ல ஏதாவது பேசுடா தங்கம்' என்றால் 'மறந்துபோச்சு பாட்டி' என்று ஓடிவிடுகிறாள். பாட்டிக்கு ஏமாற்றம், எங்களுக்குச் சங்கடம்.

ஆனால் பள்ளியிலிருந்து கொண்டுவரும் ஸ்பானிஷ் புத்தகத்தைக் கடகடவென்று வாசிக்கிறாள். அதைக் கேட்டால் பரவாயில்லையே என்று தோன்றுகிறது. போன வாரம் ஒரு பிறந்தநாள் விழாவில் கூடப் படிக்கும் பையனிடம் 'யோ நோ சாபோ' என்றாள். அந்தப் பையனின் அம்மா சிரித்துவிட்டார். வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தால் அது தவறாம். 'யோ நோ சே' என்பதுதான் சரியாம். மூன்று வருடம் படித்தும் 'எனக்குத் தெரியாது' என்று சொல்லத் தெரியவில்லையா?

அடுத்த வருடம் மூன்றாம் வகுப்பு. டெக்ஸாஸ் மாநிலத்தின் ஸ்டார் தேர்வு வேறு வருகிறது. சாதாரண ஆங்கில வகுப்புக்கு மாற்றிவிடலாம் என்கிறார் கணவர். முடிவெடுக்கும் முன் இவள் எங்கே நிற்கிறாள் என்று தெரிய வேண்டும். ஸ்பானிஷ் தெரியாத பெற்றோர் எதைப் பார்த்து அளப்பது?

டல்லாஸ் அப்பா:

எங்கள் பையன் சனிக்கிழமை ஸ்பானிஷ் வகுப்புக்குப் போகிறான், தினமும் செயலியிலும் பயிற்சி செய்கிறான். நான் ஒரு எக்செல் ஷீட் வைத்திருக்கிறேன். வாரத்துக்கு இருபது சொல், வெள்ளிக்கிழமை தேர்வு. எத்தனை சொல் தெரியும், எத்தனை மறந்தான் எல்லாம் அதில் இருக்கிறது. அளவு என்றால் எண்ணிக்கை வேண்டும். பள்ளி தராவிட்டால் நாமே வைத்துக்கொள்ள வேண்டியதுதான். ஷீட் வேண்டுமானால் அனுப்புகிறேன்.

'சாபோ' விஷயத்தில் உங்கள் கவலை நியாயம். அடிப்படை வினைச்சொல் அது.

சான் அன்டோனியோ டீச்சர்:

சகோதரி, நான் விருதுநகர் பக்கத்துக்காரி. கல்யாணமாகி இங்கே வந்த பிறகு ஸ்பானிஷ் கற்று, இப்போது இருமொழி வகுப்பில் உங்கள் மகள் வயதுப் பிள்ளைகளுக்குத்தான் பாடம் எடுக்கிறேன். உங்கள் பதிவில் நீங்கள் கவலைப்பட்டிருக்கும் இடத்தில் எனக்குக் கவலையே இல்லை. நீங்கள் நிம்மதியடைந்த இடத்தில்தான் கொஞ்சம் சந்தேகம்.

முதலில் அந்த 'சாபோ'. 'நான்' என்று தன்னைப் பற்றிப் பேசினால் ஸ்பானிஷ் வினை பெரும்பாலும் ஓகாரத்தில் முடியும்: ஆப்லோ (பேசுகிறேன்), கோமோ (சாப்பிடுகிறேன்), லேயோ (வாசிக்கிறேன்). இந்தக் கணக்குப்படி 'சாபோ' என்றுதான் வர வேண்டும். மொழி அந்த இடத்தில் முரண்டு பிடித்து 'சே' என்கிறது. உங்கள் மகளின் காதில் பெரியவர்கள் யாரும் 'சாபோ' என்று போட்டிருக்க மாட்டார்கள், டீச்சர் நிச்சயமாக இல்லை. அப்படியானால் அதை அவளே செய்திருக்கிறாள். விதி தலைக்குள் உட்கார்ந்த பிள்ளைதான் இந்தத் தப்பைச் செய்ய முடியும். ஸ்பானிஷ் மட்டுமே பேசும் வீட்டுக் குழந்தைகளும் சின்ன வயதில் 'சாபோ' என்பார்கள், 'ரோத்தோ' (உடைந்தது) என்பதற்கு 'ரொம்பீதோ' என்பார்கள். அது தானாகவே சரியாகும். அந்த அம்மா ஏன் சிரித்தார் என்றால், ஸ்பானிஷ் வராத லத்தீன் அமெரிக்க வம்சாவளி வீட்டுப் பிள்ளைகளை அமெரிக்காவில் 'நோ சாபோ கிட்ஸ்' என்று கிண்டல் செய்வது வழக்கம். அது அவர்கள் வீட்டுச் சண்டை, உங்கள் மகளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

தப்பு எத்தனை என்று பார்க்காதீர்கள், எந்த மாதிரித் தப்பு என்று பாருங்கள். தண்ணீர் வேண்டும் என்பதை ஆரம்பத்தில் பிள்ளை 'யோ கெரெர் ஆகுவா' என்று சொல்லும், வினை அகராதியில் இருக்கிறபடியே நிற்கும். கொஞ்ச நாளில் 'யோ கியெரே ஆகுவா' வரும். அது அவன் அல்லது அவள் என்பதற்கான வடிவம், எல்லோருக்கும் அதையே போட்டுவிடுவார்கள். அப்புறம் 'கியெரோ ஆகுவா'. யோ கூடத் தேவையில்லை, 'ஓ'விலேயே 'நான்' இருக்கிறது. இந்த மூன்றையும் கேட்டுப் பிரிக்க ஸ்பானிஷ் தெரிய வேண்டியதில்லை, காது போதும். அவள் தன்னைப் பற்றிப் பேசும்போது வினை 'ஓ' என்று முடிகிறதா என்று கவனியுங்கள். நடந்து முடிந்ததைச் சொல்லும்போது இந்தச் சோதனை பொருந்தாது, இப்போதைய காரியங்களுக்கு மட்டும்.

ஆண்பால் பெண்பாலிலும் இதே கதைதான். ஸ்பானிஷில் பொருள்களுக்கும் பால் உண்டு, ஆண்பாலுக்கு முன்னால் 'எல்', பெண்பாலுக்கு முன்னால் 'லா' வரும். வீட்டை 'எல் காசா' என்றால் பால் இன்னும் பிடிபடவில்லை, 'லா காசா'தான் சரி. வரைபடத்தை 'லா மாப்பா' என்றால் அதுவும் தப்புதான், 'எல் மாப்பா' என்று சொல்ல வேண்டும். ஆனால் ஆகாரத்தில் முடிந்தால் பெண்பால் என்ற விதியைப் பிடித்துவிட்டாள், விதிவிலக்கு மட்டும் இன்னும் வரவில்லை. முதல் தப்பும் இரண்டாவது தப்பும் ஒரே மதிப்பெண்ணா? நான் கொடுக்க மாட்டேன்.

இப்போது கடகட வாசிப்பு. இதற்கு நான் மயங்குவதில்லை. ஸ்பானிஷ் அநேகமாக எழுதியபடியே ஒலிக்கும் மொழி. இங்கே 'மா, மே, மி, மோ, மூ' என்று அசை அசையாகத்தான் தொடங்குகிறோம். அது பிடிபட்டுவிட்டால் பிள்ளை எந்தப் பக்கத்தையும் வாசித்துவிடும், பொருள் ஒரு துளியும் தெரியாமல். என் வகுப்பில் அட்டகாசமாக வாசித்துவிட்டு, 'கதையில் அந்தப் பையன் ஏன் அழுதான்?' என்று கேட்டால் திருதிருவென்று விழிக்கும் பிள்ளைகள் உண்டு.

இதற்கு வழி உங்கள் ஊர் நூலகத்தில் இருக்கிறது. ஒரே படக்கதையின் ஸ்பானிஷ் பதிப்பும் ஆங்கிலப் பதிப்பும் பெரும்பாலும் கிடைக்கும். ஸ்பானிஷ் பதிப்பை அவளிடம் கொடுங்கள், ஆங்கிலப் பதிப்பை நீங்கள் முதல் நாள் இரவே படித்துவிட்டு ஒளித்து வையுங்கள். அவள் வாசித்து முடித்ததும் தமிழில் கதை சொல்லச் சொல்லுங்கள். ஏன், எப்படி, அப்புறம் என்ன என்று கேளுங்கள். படத்தைப் பார்த்தே ஊகிக்க முடியாத ஒரு விஷயம் ஒவ்வொரு கதையிலும் இருக்கும், அதைக் கேளுங்கள். உங்களுக்கு ஸ்பானிஷ் தெரியாததே இங்கே வசதி: அவள் சொன்னால்தானே உங்களுக்குக் கதை தெரியும், அதனால் பரீட்சை மாதிரி இருக்காது.

பேச்சுக்கு வேறு வழி. எழுத்தே இல்லாத படக்கதைப் புத்தகங்கள் இருக்கின்றன. அதில் ஒன்றை எடுத்து, அவளைப் பொம்மைக்கோ தம்பிக்கோ ஸ்பானிஷில் கதை சொல்ல வைத்து, போனில் பதிவு செய்யுங்கள். நாலைந்து மாதம் கழித்து அதே புத்தகம், மறுபடி ஒரு பதிவு. இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். தொடக்கத்தில் நாய், மரம், பையன் என்று பெயர்களாக அடுக்குவார்கள். பிறகு குட்டி வாக்கியங்கள் 'இ லுவேகோ, இ லுவேகோ' என்று, அதாவது அப்புறம் அப்புறம் என்று, கோத்துக்கொண்டு போகும். அதன் பிறகுதான் 'போர்கே' வரும் (ஏனென்றால்), 'குவாந்தோ' வரும் ('வந்தபோது' என்பதில் வரும் 'போது'), 'பெரோ' வரும் (ஆனால்). இந்த மூன்று சொல்லையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, வரும்போதெல்லாம் ஒரு கோடு போடுங்கள். டல்லாஸ் அண்ணன் கேட்கும் எண்ணிக்கையும் கிடைத்துவிடும்.

டாக்கோ கடையையும் பாட்டியின் வீடியோ காலையும் கணக்கில் சேர்க்காதீர்கள். கேட்டுப் புரிவது முன்னால் ஓடும், பேச்சு பின்னால் வரும். கனடாவில் மொன்றியால் பக்கம் செயின்ட் லாம்பெர்ட்டில் 1965இல் ஆங்கில வீட்டுப் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு வழி வகுப்பு தொடங்கினார்கள். அது கனடா முழுக்கப் பரவிய பிறகு இதைத்தான் கண்டார்கள்: கேட்பதிலும் வாசிப்பதிலும் பிரெஞ்சு வீட்டுப் பிள்ளைகளை நெருங்குகிறார்கள், பேச்சும் எழுத்தும் அந்த அளவுக்கு இல்லை. பிள்ளைகளை நீளமாகப் பேச வைக்கும் தேவையே வகுப்பில் எழவில்லை என்று மெரில் ஸ்வெய்ன் என்ற கனடா ஆய்வாளர் 1985இல் எழுதினார். அதனால் உங்கள் மகளின் டீச்சரிடம் 'எப்படிப் படிக்கிறாள்?' என்று கேட்டால் பழைய பதில்தான் வரும். 'குழு வேலையில் எந்த மொழியில் பேசுகிறாள்? ஒரே மூச்சில் எத்தனை வாக்கியம் ஸ்பானிஷில் சொல்கிறாள்? கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் பதிலா, காரணத்தோடா?' என்று கேளுங்கள். ரீசஸ் இடைவேளையில் எந்த மொழி என்று கேட்க வேண்டாம். அங்கே எல்லோரும் ஆங்கிலம்தான், ஸ்பானிஷ் வீட்டுப் பிள்ளைகள் உட்பட.

டல்லாஸ் அண்ணனுக்கு ஒரு வார்த்தை, கோபித்துக்கொள்ள வேண்டாம். உங்கள் ஷீட்டில் இருப்பது முக்கால்வாசி பெயர்ச்சொல்லாக இருக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன். ஐந்நூறு பொருளின் பெயர் தெரிந்த பிள்ளை, 'பேனாவைக் காணோம், யார் எடுத்தது?' என்று கேட்கத் தடுமாறும். இன்னொன்று, நேரம். டெக்ஸாஸில் பள்ளி ஆண்டு குறைந்தது 75,600 நிமிடம், அதாவது 1,260 மணி. சாப்பாடு, விளையாட்டு எல்லாம் போக ஸ்பானிஷுக்கு நானூறு மணி தேறும் என்று வைப்போம். சனிக்கிழமை ஒரு மணி நேர வகுப்பு வருடம் முழுக்கப் போனாலும் ஐம்பது மணிதான். அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு ஸ்பானிஷ் கற்றுக்கொடுக்க ஒதுக்குவதே 600 முதல் 750 வகுப்பு மணி. இரண்டு பிள்ளைகளையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

டல்லாஸ் அப்பா:

கோபமெல்லாம் இல்லை. ஷீட்டைத் திறந்து பார்த்தேன். வினைச்சொல் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பந்தயத்தில் நீங்கள் ஜெயித்தீர்கள்.

ஆனாலும் வெளியிலிருந்து ஒரு தேர்வு, ஒரு சான்றிதழ் இருந்தால் நல்லதுதானே? வீட்டில் கோடு போடுவதை யார் ஒப்புக்கொள்வார்கள்?

மத்ரித்வாசி:

தேர்வு பற்றி நான் சொல்கிறேன். ஸ்பெயின் அரசின் சார்பில் செர்வாந்தெஸ் நிறுவனம் நடத்தும் டெலே தேர்வில் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று தனி வடிவம் இருக்கிறது, 11 முதல் 17 வயது வரை. தொடக்க நிலையான ஏ1 ஒன்று, அதற்கு அடுத்த நிலைகளான ஏ2வும் பி1உம் சேர்ந்தது ஒன்று. ஏழு வயதுக்கு அதில் இடமில்லை. இப்போது அந்தப் பக்கமே போக வேண்டாம்.

எங்கள் கதை வேறு மாதிரி. வேலை நிமித்தம் மத்ரித் வந்தபோது பையனுக்கு ஒன்பது வயது, ஸ்பானிஷில் ஒரு எழுத்து தெரியாது. முதல் சில மாதம் வகுப்பில் வாயே திறக்கவில்லை. 'பேசவே மாட்டேன் என்கிறான்' என்று டீச்சர் கூப்பிட்டுச் சொன்னார். ஒரு வருடத்தில் பூங்காவில் ஃபுட்பால் ஆடிக்கொண்டே சண்டை போடும் அளவுக்கு வந்துவிட்டான். சண்டை போட ஆரம்பித்ததும் வேலை முடிந்தது என்று நாங்கள் விட்டுவிட்டோம். ஆனால் ரோமானியர் காலத்து ஹிஸ்பானியா பாடத்தை எடுத்துவைத்து 'இதை உன் சொல்லில் எழுது' என்றால் பேனா நகராது. அது சரியாக இன்னும் பல வருடம் ஆயிற்று. பேச்சு மொழி ஓரிரு வருடத்தில் வந்துவிடும், பாட மொழிக்கு ஐந்து முதல் ஏழு வருடம்கூட ஆகும் என்று ஜிம் கமின்ஸ் என்ற கனடா ஆய்வாளர் எழுதியிருப்பதைப் பிற்பாடு படித்தேன். எங்கள் வீட்டுக்கு அது அச்சு அசலாகப் பொருந்தியது.

ஆஸ்டின் அம்மா, உங்களுக்கு நேர்மாறாக நடக்கலாம். பாட மொழி இருக்கும், சண்டை போடும் மொழி இருக்காது. ஒளியின் பிரதிபலிப்பு பற்றி ஸ்பானிஷில் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு 'தள்ளாதே, என் முறை' என்று சொல்லத் தெரியாமல் இருக்கலாம். எந்தப் பக்கம் குறைகிறதோ அந்தப் பக்கம் ஆள் தேடுங்கள். உங்கள் ஊரில் அதற்குப் பஞ்சமா?

கடைசியாக ஒன்று. என் பையன் 'கிராத்தியாஸ்' என்பான், உங்கள் மகள் 'கிராசியாஸ்' என்பாள். காருக்கு அவன் 'கோச்சே', அவள் 'கார்ரோ'. இரண்டும் சரி. செயலியோ யூடியூபோ ஒரு மாதிரிச் சொல்ல, டீச்சர் வேறு மாதிரிச் சொன்னால் அவளைத் திருத்தப் போக வேண்டாம்.

ஆஸ்டின் அம்மா:

இவ்வளவு பேர் இவ்வளவு விரிவாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. நன்றி. நூலகத்தில் ஒரு படக்கதை இரண்டு மொழியிலும் கிடைத்தது. நேற்று முயன்றோம். கதையின் ஓட்டத்தைச் சொல்லிவிட்டாள். ஆனால் பாட்டி ஏன் கோபித்துக்கொண்டாள் என்ற இடத்தில் தானாகவே ஒரு காரணம் கட்டிவிட்டாள். அவள் சொன்ன காரணம் புத்தகத்தில் இருந்ததைவிட நன்றாகவே இருந்தது!

டீச்சர் மேடம், இரண்டு சந்தேகம். ஸ்டார் தேர்வு ஸ்பானிஷிலும் இருக்கிறதே, அந்த மதிப்பெண்ணை வைத்து அளக்கலாமா? எப்போது உண்மையிலேயே கவலைப்பட வேண்டும்?

சான் அன்டோனியோ டீச்சர்:

ஸ்டாரின் ஸ்பானிஷ் வடிவம் மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை உண்டு. ஆனால் அது வாசிப்பையும் கணக்கையும், ஐந்தாம் வகுப்பில் அறிவியலையும் அளக்கும் தேர்வு. ஸ்பானிஷைப் புது மொழியாகக் கற்கும் பிள்ளை எங்கே நிற்கிறது என்று சொல்வது அதன் வேலை இல்லை, பேச்சு அதில் கிடையவே கிடையாது. உங்கள் மகள் எந்த மொழியில் எழுதுவாள் என்று மட்டும் பள்ளியில் இப்போதே கேட்டுவிடுங்கள். அதோடு, வாய்மொழித் தேர்வு ஏதாவது வைக்கிறார்களா, லாஸ் லிங்க்ஸ் எஸ்பன்யோல் மாதிரி, என்றும் கேளுங்கள். வைத்திருந்தால் முடிவைக் காட்டச் சொல்லலாம், பெற்றோர் என்ற முறையில் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. பல பேர் கேட்பதே இல்லை, அதனால் அது ஃபைலிலேயே தூங்குகிறது.

டல்லாஸ் அண்ணன் கேட்ட வெளித் தேர்வுக்கு: அமெரிக்காவில் வெளிமொழி ஆசிரியர்களின் ஆக்ட்ஃபுல் அமைப்பு நடத்தும் ஆப்பிள் என்ற தேர்வு இருக்கிறது (பழமும் இல்லை, போன் கம்பெனியும் இல்லை). பேச்சு, எழுத்து, கேட்பு, வாசிப்பு நான்கையும் தனித்தனியாகப் பார்ப்பதால் எனக்குப் பிடிக்கும். அதில் நாவிஸ் (தொடக்கம்), இன்டர்மீடியட் (நடு), அட்வான்ஸ்ட் (மேல்) என்று படிகள். ஐந்தாம் வகுப்பு முடிவில் பேச்சில் இன்டர்மீடியட் படியைத் தொட்டிருந்தால் அந்தப் பள்ளி தன் வேலையைச் செய்திருக்கிறது என்று நான் எடுத்துக்கொள்வேன். இரண்டாம் வகுப்பில் நாவிஸில் நிற்பது குறை இல்லை.

கவலைப்பட வேண்டிய இடம் சொல்கிறேன். ஒரு பள்ளி ஆண்டு இடைவெளியில் எடுத்த இரண்டு பதிவும் ஒரே மாதிரி இருந்தால். நான்காம் வகுப்பிலும் 'யோ கியெரே' போகாமல் இருந்தால். படக்கதையில் கேட்டதெல்லாம் ஊகமாகவே இருந்தால். இவற்றில் ஒன்று இருந்தாலும் முதலில் பள்ளியிடம், ஸ்பானிஷ் நேரம் காகிதத்தில் இருக்கிறபடி நடக்கிறதா என்று கேளுங்கள். ஆண்டு நடுவில் ஆசிரியர் மாறினால், தேர்வு நெருங்கினால் அந்த நேரத்தை ஆங்கிலம் தின்றுவிடும். பிள்ளையைக் குறை சொல்வதற்கு முன் அதைப் பார்க்க வேண்டும். தமிழிலும் ஆங்கிலத்திலும் சேர்ந்தே தடுமாறுகிறாள் என்றால் அது வேறு விஷயம், ஸ்பானிஷை நிறுத்துவதால் தீராது. காது, பேச்சு இரண்டையும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். உங்கள் மகள் காரணம் கட்டும் அழகைப் பார்த்தால் அந்தக் கேள்வியே எழவில்லை.

தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சில விஷயம் இலவசமாக வரும், அதை முன்னேற்றம் என்று எண்ணிவிடாதீர்கள். 'மே குஸ்தா' நம் 'எனக்குப் பிடிக்கும்' மாதிரியே அமைவதால் சட்டென்று ஒட்டிக்கொள்ளும், ஆங்கில வீட்டுப் பிள்ளைகள் அதில் வழுக்குவார்கள். 'தொமாத்தே'யை 'டொமாட்டே' ஆக்காமல் சொல்வார்கள். நம் ஆட்கள் உச்சரிப்பைக் கேட்டுவிட்டு 'ஆகா, என்ன மாதிரிப் பேசுகிறாள்' என்று பூரித்துப்போகிறார்கள். உச்சரிப்பு நன்றாக இருக்கட்டும். நான் 'போர்கே'வுக்குக் காத்திருப்பேன்.

வகுப்பை மாற்றுவது பற்றி: இரண்டாம் வகுப்பில் எடுக்கிற முடிவு இல்லை என்பது என் கருத்து. வெளியே வந்துவிட்டால் பெரும்பாலும் திரும்ப உள்ளே விட மாட்டார்கள், நடுவில் சேர ஸ்பானிஷ் தெரிந்திருக்க வேண்டும் என்பார்கள். கணவரிடம் இதை முதலில் சொல்லுங்கள்.

ஆஸ்டின் அம்மா:

சொல்லிவிட்டேன். 'சரி, ஐந்தாம் வகுப்பு வரை பார்ப்போம்' என்கிறார். நீங்கள் கொடுத்த மூன்று கேள்வியையும் அப்படியே அவளுடைய டீச்சருக்கு மெயில் அனுப்பினேன். பதில் வந்தது: குழு வேலையில் கேட்பது ஸ்பானிஷ், பேசுவது ஆங்கிலம். ஒற்றைச் சொல் பதில்தான் அதிகம். விதைகள் பாடத்தில் மட்டும் தன் செடி ஏன் வாடியது என்று நீளமாகப் பேசினாளாம். இனி குழுவில் ஸ்பானிஷ் வீட்டுப் பெண் ஒருத்தியின் பக்கத்தில் உட்கார வைக்கிறேன் என்று எழுதியிருக்கிறார். முதல் முறையாக 'முன்னேறி வருகிறாள்' இல்லாத ஒரு பதில்!

டல்லாஸ் அப்பா:

அந்த எழுத்தில்லாத படக்கதைப் புத்தகத்தை நூலகத்தில் என்ன பெயர் சொல்லித் தேடுவது? ஷீட்டில் புதுப் பத்தி போட்டுவிட்டேன்.

சான் அன்டோனியோ டீச்சர்:

'லிப்ரோஸ் சின் பலாப்ராஸ்', ஆங்கிலத்தில் 'வேர்ட்லெஸ் பிக்சர் புக்ஸ்' என்று கேளுங்கள். எழுத்தே இல்லாததால் ஆங்கிலக் குழந்தைகள் பகுதியில் இருப்பதே போதும், ஸ்பானிஷ் அலமாரியில்தான் இருக்க வேண்டும் என்றில்லை.